குழலைக் கடைந்த கை: நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார்

இசைப் புலவர்களின் வரலாற்றை எழுதினோர் நம் நாட்டில் பலர். அப்புலவர்கள் கையில் ஏந்திய கருவியை ஆக்கித் தந்தவர்களின் வரலாற்றை எழுதினோர் மிகச் சிலர். பாடுவோன் தொண்டை இறைவன் கொடுத்தது. ஆனால் குழலும் வீணையும் மத்தளமும் மனிதன் கொடுத்தவை. அவற்றைக் கொடுத்த மனிதன் யார், எவ்வூரில் இருந்தான், எந்த மரத்தை எடுத்தான், எத்தனை முறை தோற்று எப்போது வென்றான் என்பவற்றை அறியாமல் ஒரு நாட்டின் இசை வரலாறு நிறைவு பெறாது. அவ்வகையில், மரங்கடையும் தொழிலில் தலைசிறந்து நின்று, தமிழ்நாட்டு நாகசுரத்தின் போக்கையே மாற்றி அமைத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியாரின் பணியைக் குறித்து இங்கே சிறிது ஆராய்வோம்.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இப்பொருளில் தனி ஈடுபாடு உண்டாவது இயல்பே. இந்நகர் கைவினையால் பெயர் பெற்றது. பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிச் சுவாதித் திருநாள் மகாராஜா எழுப்பிய மாளிகை, இறவாரத்தின் கீழ் வரிசையாக நிற்கும் மரக் குதிரைகளாலேயே குதிரை மாளிகை என வழங்கலாயிற்று. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் மக்கள் வியந்து நோக்கிய தந்த அரியணை, திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா அரசியாருக்கு அனுப்பிய பரிசு. மாளிகையைக் கட்டுவித்த மன்னர் பெயரையும் அரியணையைப் பெற்ற அரசியின் பெயரையும் பள்ளிச் சிறுவரும் அறிவர். அக்குதிரைகளைச் செதுக்கிய தச்சரையும் அத்தந்தத்தை இழைத்த கொத்துவேலைக்காரரையும் குறித்து யாரும் பேசுவதில்லை. கைவினைஞன் பெயர் நிலைப்பது அரிதினும் அரிது. ரங்கநாதன் ஆசாரியாரின் பெயர் நிலைத்திருக்கிறது என்பதொன்றே அவர் செய்த காரியம் எத்தகையது என்பதைக் காட்டப் போதுமானது.

அவர் கைக்கொண்ட தொழிலின் பெயரிலிருந்தே தொடங்குவோம். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவாக்கும் வேலையைத் தமிழில் கடைதல் என்றும் கடைசல் என்றும் சொல்கிறோம். தயிரைக் கடைவதற்கும் அதுவே சொல். மலையாளத்திலும் ‘கடையுக’ என்னும் வினை தயிருக்கும் மரத்துக்கும் பொதுவாக நிற்கின்றது. இது தற்செயலான ஒற்றுமை அன்று. மத்தில் கயிற்றைச் சுற்றி இருகையாலும் மாறி மாறி இழுக்க, மத்து ஒருபுறமும் மறுபுறமும் சுழல்கின்றது. பழைய கடைசல் பட்டறையும் அவ்வாறே இயங்கிற்று. இருமுனைகளுக்கு இடையே பொருத்திய மரத்தில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுப்பார். மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். முன்னோக்கிச் சுழலும்போது மட்டும் உளி மரத்தை வெட்டும். பின்னோக்கிச் சுழலும்போது உளியை நூலிழை அளவு விலக்கிக்கொள்ள வேண்டும். தரையில் அமர்ந்து, கையோடு காலின் விரல்களையும் சேர்த்து உளியைத் தாங்கிப் பிடித்து, இழுப்பவர் கையின் தாளத்துக்கு இசைய வேலை செய்பவனே கடைசற்காரன். குறையற்றதைக் ‘கடைந்தெடுத்தது’ என்று நாம் கூறும் வழக்கு இத்தொழிலின் நுட்பத்துக்குக் கிடைத்த நற்சான்று.

இனி நாகசுரத்தை நோக்குவோம். நாதசுரம் என்றும் இதனை வழங்குவர். இதன் உடற்பகுதிக்கு உலவு என்று பெயர். மேலே சிறுத்துக் கீழே விரிந்து செல்லும் கூம்பு வடிவான துளை அதனுள் ஓடுகின்றது. உலவின் கீழ்முனையில் பொருத்தும் அகன்ற வாய்ப்பகுதி அணசு எனப்படும். மேல்முனையில் கெண்டை என்னும் உலோகக் குழலும், அதன்மேல் நாணலால் செய்த சீவாளியும் அமையும். உலவின்மேல் ஏழு துளைகள் விரல்களால் மூடித் திறப்பதற்கு உரியவை. அவற்றுக்குக் கீழே பிரம்மசுரம் என்னும் ஒரு துளையும், பக்கத்துக்கு இரண்டாக ஜீவசுரம் என்னும் நான்கு துளைகளும் உள்ளன. ஆகத் துளைகள் பன்னிரண்டு. கீழுள்ள ஐந்தையும் விரல் தீண்டுவதில்லை. எனினும் குழலின் சுருதியும் ஓசையின் நிறமும் அவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

பார்வைக்கு எளிய கருவி. செய்வதற்கு அரிய கருவி. வீணையின் மெட்டு சிறிது பிசகினால் மெழுகைத் தளர்த்தி நகர்த்தி வைக்கலாம். மத்தளத்தின் வாரை இறுக்கலாம், தளர்த்தலாம். மரத்தில் ஒருமுறை இட்ட துளையோ இட்டதுதான். மேலே தள்ளி இட்டால் சுரம் ஏறும். கீழே தள்ளி இட்டால் இறங்கும். துளை சற்றுப் பெரிதானாலும் சுரம் ஏறும். உட்புறக் கூம்பு ஓரிடத்தில் சற்று அகன்றுவிட்டால் கீழ்த் தாயியும் மேல் தாயியும் ஒன்றுக்கொன்று பொருந்தா. பல நாள் உழைப்பை ஒரு நொடியின் தவறு பாழாக்கிவிடும். அளவுகோல் ஓரளவுக்கே உதவும். அதற்கு அப்பால் கையும் காதும்தான் துணை.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில், ஆடுதுறையை அடுத்து, இருப்புப் பாதையின் ஓரத்தில் உள்ள சிற்றூர் நரசிங்கம்பேட்டை. காவிரி பாயும் நாடு. கோயில்கள் நெருங்கிய நாடு. ஒவ்வொரு கோயிலிலும் ஆறு காலப் பூசைக்கும் திருவிழாவுக்கும் நாகசுரம் வேண்டும். ஒவ்வொரு திருமணத்துக்கும் நாகசுரம் வேண்டும். வாசிப்போர் பெருகிய நாட்டில் செய்வோரும் தோன்றினர். நரசிங்கம்பேட்டையின் ஆசாரிக் குடும்பங்கள் சில தலைமுறை தலைமுறையாக இதனையே தொழிலாகக் கொண்டன. அவ்வூரில் செய்த குழல் என்றால் வித்துவான்கள் நம்பி வாங்கும் நிலை உண்டாயிற்று.

அவர்கள் தேர்ந்தெடுத்த மரம் ஆச்சா. வடநாட்டில் இதனை அஞ்சன் என்பர். மழை குறைந்த காடுகளில் வளரும் இம்மரம் இந்திய மரங்களுள் மிகக் கனமானவற்றுள் ஒன்று. இதன் வைரம் நீரில் இட்டால் மிதவாது அமிழும். கறையான் எளிதில் அணுகாது. ஆயினும் புதிதாக வெட்டிய ஆச்சாவை நாகசுரத்துக்கு எடுப்பதில்லை. பழைய வீடுகளில் தூணாகவும் உத்திரமாகவும் நிலையாகவும் நெடுங்காலம் நின்று, அவ்வீடுகள் இடிக்கப்படும்போது வெளிவரும் மரத்தையே தேடி வாங்குவர். காரணம் எளிது. குழலினுள் நாள்தோறும் மூச்சின் ஈரம் பாய்கின்றது. வாசித்து முடித்ததும் உலர்கின்றது. ஈரமும் உலர்ச்சியும் மாறி மாறித் தாக்கும்போது, உள்ளே பசுமை சிறிதேனும் எஞ்சிய மரம் முறுக்கிக்கொள்ளும், அல்லது வெடிக்கும். வெயிலையும் மழைக்காற்றையும் அடுக்களைப் புகையையும் பல்லாண்டு தாங்கி அடங்கிய மரம் அவ்வாறு செய்யாது. அணசுக்கோ வாகை மரம் ஏற்றது என்பர்.

இவ்வறிவு நேற்றுத் தோன்றியது அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், வங்கியம் எனப்படும் குழல் செய்வதற்கு உரிய மரங்களை வரிசைப்படுத்துகின்றார். மூங்கிலும் சந்தனமும் செங்காலியும் கருங்காலியும் அவற்றுள் அடங்கும். மரம் நிற்கும் நிலம் எத்தகையதாக இருத்தல் வேண்டும், மரத்தின் வயது எவ்வளவாதல் வேண்டும் என்பவற்றையும் கூறுகின்றார். வெட்டிய மரத்தை நிழலில் ஆறவிட்டு, அது திருகாமலும் பிளவாமலும் இருப்பதைக் கண்டறிந்து, ஓராண்டு கழிந்த பின்னரே குழல் செய்யத் தொடங்க வேண்டும் என்பது அவர் தரும் விதி. புலவர் ஏட்டில் எழுதிவைத்த விதியும் நரசிங்கம்பேட்டைப் பட்டறையின் வழக்கமும் ஒன்றாயிருப்பதைக் காணும்போது, ஏட்டறிவும் கையறிவும் நம் நாட்டில் ஒருகாலத்தில் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன என்பது புலனாகும்.

மரத்தை அறுத்து, வாய்ச்சியால் செதுக்கி ஓரளவு உருட்டியபின் கடைசலில் ஏற்றுவர். நீண்ட துரப்பணங்களால் நடுவே துளையிட்டு, ஒன்றினும் ஒன்று பருத்த கருவிகளைப் பின்னர்ச் செலுத்தி அத்துளையைக் கூம்பாக விரிப்பர். வெளிப்புறம் வழவழப்பாவது கண்ணுக்குத் தெரியும். உட்புறமோ இருட்டு. அவ்விருட்டினுள் கருவி எங்கே அழுந்துகின்றது, எங்கே வழுக்குகின்றது என்பதைக் கையின் உணர்வே சொல்ல வேண்டும். இத்தொழிலில் பிறந்து வளர்ந்து, அதன் எல்லை இதுதான் என்று எல்லாரும் கொண்டிருந்ததைத் தாண்டிச் சென்றவர் ரங்கநாதன் ஆசாரியார்.

அவர் தாண்டிய எல்லை யாது என்பதை அறிய, அக்கால நாகசுரத்தின் நிலையை உணர்தல் வேண்டும். முன்னாளில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டையான நாகசுரம். குழல் குறுகினால் சுருதி ஏறும் என்பது இயற்கை விதி. நான்கு, நான்கரை, ஐந்து கட்டை என உயர்ந்த சுருதியில் திமிரி முழங்கும். சுவாமி வீதிவலம் வரும்போது நான்கு தெருவுக்கு அப்பாலும் கேட்க வேண்டும். தவிலின் முழக்கத்தை மீறி எழ வேண்டும். அப்பணிக்குத் திமிரி மிகவும் ஏற்றது. ஆனால் ஓரிடத்தில் அமர்ந்து ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரித்து ஆலாபனை செய்ய விரும்பிய வித்துவானுக்கு அதன் கூர்மை தடையாக நின்றது. மனிதக் குரலின் ஆழமும் குழைவும் அதில் எளிதில் வருவதில்லை.

மற்றொரு குறையும் இருந்தது. மத்தியமம் என்னும் சுரம் சுத்தம், பிரதி என இருவகைப்படும். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களுள் முதல் முப்பத்தாறும் சுத்த மத்தியமத்துக்கு உரியவை. பின் முப்பத்தாறும் பிரதி மத்தியமத்துக்கு உரியவை. பழைய குழல்களில் பிரதி மத்தியமம் இயல்பாக நின்றது. சுத்த மத்தியமத்தையோ, வித்துவான் தன் விரலாலும் உதட்டாலும் மூச்சாலும் முயன்று இறக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. தோடி, கரகரப்பிரியா, அரிகாம்போதி, சங்கராபரணம் ஆகியவை யாவும் சுத்த மத்தியமத்துக்கு உரியவை என்பதை நினைத்துப் பார்த்தால், குறை சிறியது அன்று என்பது விளங்கும். கல்யாணிக்குத் துணைநிற்கும் கருவி தோடிக்கு எதிர்நின்றது. பெரும் வித்துவான்கள் தம் ஆற்றலால் அக்குறையை மறைத்தனர். ஆற்றல் குறைந்தோரிடம் அது வெளிப்பட்டது.

இந்நிலையில் தோன்றியவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்கள். 1898ஆம் ஆண்டு பிறந்த பிள்ளையவர்களின் பெயரைச் சொன்னாலே தோடி இராகம் நினைவுக்கு வரும். இசைத்தட்டுகளாலும் வானொலியாலும் அவர் புகழ் நாடெங்கும் பரவியிருந்தது. நாகசுரத்தை வீதியிலிருந்து மேடைக்கு உயர்த்த வேண்டும், வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு நிகரான மதிப்பு அதற்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்குச் சுருதி இறங்க வேண்டும். சுருதி இறங்கக் குழல் நீள வேண்டும். சுமார் இரண்டரை அடி நீளமுள்ளதும், இரண்டு இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஒலிப்பதுமான பாரி நாகசுரம் அவர் காலத்தில்தான் செல்வாக்குப் பெற்றது. பிள்ளையவர்களின் ஊராகிய திருவாவடுதுறையும் நரசிங்கம்பேட்டையும் நடந்து சென்று வரக்கூடிய அணுமையில் உள்ளவை. வாசிக்கும் மேதை ஓர் ஊரிலும் கடையும் மேதை அதன் பக்கத்து ஊரிலும் வாழ நேர்ந்தது தமிழிசை செய்த தவம் என்றே கொள்ளலாம்.

குழலை நீட்டுவது எளிது போலத் தோன்றும். நீட்டினால் எழும் சிக்கல்களோ பல. குழல் நீளும்போது துளைகளும் ஒன்றுக்கொன்று விலகிச் செல்ல வேண்டும். ஆனால் வித்துவானின் விரல் நீளாது. விரலுக்கு எட்டும்படி துளைகளை நெருக்கினால் சுரம் ஏறும். ஏறிய சுரத்தை இறக்கத் துளையைச் சிறிதாக்கினால் ஓசை மங்கும். உட்கூம்பின் சரிவை மாற்றினால் எல்லாச் சுரங்களும் ஒருங்கே அசையும். ஒன்றைத் திருத்த மற்றொன்று கெடும். இவ்வளவு இடர்களுக்கு நடுவே சுத்த மத்தியமம் தன் இடத்தில் இயல்பாக நிற்கவும் வேண்டும். கணக்கு நூலைத் துணைக்கொண்டு இதனைத் தீர்க்க முற்படுவோர் பல சமன்பாடுகளை எழுதி நிரப்ப வேண்டியிருக்கும். ரங்கநாதன் ஆசாரியாரிடம் இருந்தவை கடைசல் பட்டறையும், உளியும், துரப்பணமும், நல்ல காதும், அயராத பொறுமையுமே.

பிள்ளையவர்களின் வேண்டுகோளை மனத்துட்கொண்டு அவர் குழலுக்குப் பின் குழலாகக் கடைந்து சோதித்தார். துளைகளின் இடத்தையும் அளவையும் மாற்றி மாற்றி அமைத்தார். 1955ஆம் ஆண்டை ஒட்டி, சுத்த மத்தியமம் தெளிவாகப் பேசும் பாரி நாகசுரம் அவர் பட்டறையில் உருப்பெற்றது. அதே 1955ஆம் ஆண்டில் இராஜரத்தினம் பிள்ளையவர்களுக்குச் சங்கீத நாடக அக்காதெமியின் விருதும் கிடைத்தது. 1956ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். வாழ்நாள் முழுதும் நாடிய கருவி, வாழ்வின் இறுதிப் பகுதியிலேயே அவருக்குக் கைகூடிற்று. அவர் துய்த்தது சிறிது; அவருக்குப் பின் வந்தோர் துய்த்ததே மிகுதி.

பின்வந்தோரின் வரிசையை எண்ணிப் பார்ப்போம். பிள்ளையவர்களின் மாணவராகிய காருகுறிச்சி அருணாசலம், 1964ஆம் ஆண்டு மறையும் வரையில், கேட்டோர் நெஞ்சைக் குழைவித்தார். 1962ஆம் ஆண்டு வெளிவந்த கொஞ்சும் சலங்கை என்னும் திரைப்படத்தில் அவர் நாகசுரம் ஒரு பெண்ணின் குரலோடு இணைந்தும் போட்டியிட்டும் சென்றதைத் தமிழுலகம் இன்றும் மறக்கவில்லை. ஷேக் சின்ன மௌலானா, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் ஆகியோர் கச்சேரி மேடையில் நாகசுரத்தின் கொடியை உயர்த்திப் பிடித்தனர். 1968ஆம் ஆண்டின் தில்லானா மோகனாம்பாள் படத்துக்காக மதுரைச் சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும் வாசித்ததைக் கேட்டு நாகசுரத்தின்மேல் காதல் கொண்டோர் பலர். நம் கேரளத்தில் அம்பலப்புழைச் சகோதரர்களும் திருவிழா ஜயசங்கரும் இக்கருவிக்குப் பெரும்புகழ் சேர்த்தனர். சுருதி தாழ்ந்த நாகசுரம் மேடைக்கு வந்திராவிடில், இவர்கள் காலத்துக் கச்சேரி நாகசுரம் இவ்வளவு விரிந்திராது.

வானொலிக்கும் இதில் பங்கு உண்டு. இந்நகரில் 1943ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு தொடங்கிய வானொலி நிலையம் 1950ஆம் ஆண்டு அகில இந்திய வானொலியோடு இணைந்தது. ஒலிவாங்கியின்முன் அமர்ந்து வாசிக்கும் கலைஞனுக்கு நான்கு தெருவை எட்டும் முழக்கம் வேண்டுவதில்லை; நுண்மையே வேண்டும். தமிழ்நாட்டு நிலையங்கள் வைகறையில் மங்கல இசையோடு ஒலிபரப்பைத் தொடங்கும் வழக்கம் ஏற்பட்டபோது, திருவிழாவில் தொலைவில் நின்று கேட்ட நாகசுரம் ஒவ்வொரு வீட்டுக் கூடத்துக்குள்ளும் வந்து அமர்ந்தது. வீட்டுக்குள் அமர்வதற்கு ஏற்ற அடக்கமும் குழைவும் பாரியிடம் இருந்தன.

உலக வரலாற்றிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சிகள் உள்ளன. நாகசுரத்தைப் போன்றே கூம்புத் துளையும் இரட்டை நாக்கும் உடைய உரத்த குழல் ஒன்று ஐரோப்பாவின் வீதிகளிலும் கோட்டை வாயில்களிலும் முழங்கி வந்தது. பதினேழாம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டின் லா கூத்தூர் என்னும் சிற்றூரிலிருந்து வந்த ஒத்தத்தேர் என்னும் குடும்பத்தார், மரங்கடைவோராகவும் இசைவாணராகவும் விளங்கி, பதினான்காம் லூயி மன்னனின் அரண்மனையில் பணிபுரிந்தனர். வீதிக்குழல் அரங்கத்துக்கு உரிய ஓபோ என்னும் மென்குழலாக மாறியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பர். செருமனியின் நூரன்பர்க்கு நகரில், கொம்பும் மரமும் கடையும் தொழிலினர் குடும்பத்தில் தோன்றிய தென்னர் என்பார் கிளாரினெட்டை உருவாக்கியவராகப் போற்றப்படுகின்றார். மியூனிக்கு நகரத்துப் பொற்கொல்லரும் குழலிசைக் கலைஞருமான தியோபால்டு போம், 1832ஆம் ஆண்டிலும் 1847ஆம் ஆண்டிலும் புல்லாங்குழலைப் புதுக்கி அமைத்தார்.

இவர்களோடு ரங்கநாதன் ஆசாரியாரை ஒப்பு நோக்கும்போது ஒற்றுமையும் தெரிகின்றது, வேற்றுமையும் தெரிகின்றது. வீதிக் கருவியை அரங்கக் கருவியாக்கியது ஒற்றுமை. கைவினைஞனும் கலைஞனும் நெருங்கிப் பழகியதால் புதுமை பிறந்தது என்பதும் ஒற்றுமையே. வேற்றுமை யாதெனின், போம் தாம் கண்ட அளவுகளை நூலாக எழுதி வெளியிட்டார். அவர் பெயர் அவர் முறைக்கே பெயராயிற்று. ஐரோப்பியக் குழல்கள் அருங்காட்சியகங்களில் காக்கப்பட்டு, அவற்றின் உட்கூம்பு அங்குலம் அங்குலமாக அளந்து அச்சிடப்பட்டிருக்கின்றது. நம் ஆசாரியாரோ தம் அளவுகளை மரத்திலும் மக்கள் கையிலும் எழுதிவைத்தார். பிள்ளைகளும் உறவினரும் அத்தொழிலைத் தொடர்ந்து செய்தமையாலேயே அவ்வறிவு அழியாது நின்றது. குடும்பம் தொடர்ந்தால் அறிவு தொடரும். குடும்பம் வேறு தொழிலுக்குச் சென்றால் அறிவும் உடன்செல்லும். நூல் இல்லாத அறிவின் அழகும் அதுவே, ஆபத்தும் அதுவே.

அந்த ஆபத்து வெறும் கற்பனை அன்று. முதலாவது மரம். இடிக்கப்படும் பழைய வீடுகளே ஆச்சாவின் சுரங்கம் என்று கண்டோம். சுரங்கம் என்றேனும் ஒருநாள் தீரும். சிமெண்டும் இரும்பும் கொண்டு கட்டிய வீடுகள் இன்னும் நூறாண்டு கழித்து இடிக்கப்படும்போது அவற்றுள்ளிருந்து நாகசுரம் பிறக்காது. இந்நகரத்துத் தந்தவேலை இவ்வகையில் ஓர் எச்சரிக்கையாக நிற்கின்றது. யானையைக் காக்கும் பொருட்டு 1986ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இந்தியத் தந்த வாணிகத்தைத் தடை செய்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை விதித்தது. தடை நியாயமானது, அதில் இரு கருத்து இல்லை. ஆயினும் மூலப்பொருள் நின்றால் எத்துணைப் பெரிய கைத்திறனும் நின்றுவிடும் என்பதை அது நமக்குக் கற்பித்தது. ஆச்சாவுக்கு அவ்வளவு கடிய நிலை இல்லை. யானையைப் போலன்றி, மரத்தை நட்டு வளர்த்து வெட்டலாம். நடுவதற்கு மட்டும் இன்றே தொடங்க வேண்டும்.

இரண்டாவது வருவாய். நல்ல நாகசுரம் ஒன்றை வாங்கியவர் பல்லாண்டு அதனையே வாசிப்பார். சீவாளியை அடிக்கடி மாற்ற வேண்டும். உலவை மாற்ற வேண்டியதில்லை. ஆதலின், வேலை எவ்வளவு செம்மையோ அவ்வளவு தாமதமாகவே மறுமுறை விலைபோகும். தன் தொழிலின் நேர்மையே தன் வருவாயைக் குறைக்கும் விந்தையான நிலை கருவி செய்வோனுக்கு உரியது. திருமண வீடுகளில் இசைப்பதிவு ஒலிக்கத் தொடங்கிய பின்னர் வாசிப்போரின் வாய்ப்பும் சுருங்கிற்று. அதனோடு செய்வோரின் வாய்ப்பும் சுருங்கிற்று. கயிறு இழுத்த இடத்தில் மின்சார இயந்திரம் வந்து உடலுழைப்பைக் குறைத்தது உண்மையே. ஆனால் உட்கூம்பின் இருட்டை அறியும் கையை எந்த இயந்திரமும் தந்துவிடவில்லை. அக்கை பழகப் பல ஆண்டுகள் வேண்டும். அத்தனை ஆண்டுகளும் பயில்வோனின் வயிறு காத்திருக்காது.

2022ஆம் ஆண்டு நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அவ்வூர்ப் பெயரைப் பிற இடத்தார் தம் சரக்குக்குச் சூட்டிக்கொள்ளாதவாறு சட்டம் அதனால் காக்கின்றது. இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. எனினும் குறியீடு பெயரைக் காக்கும்; மரத்தை வளர்க்காது, மாணவனைப் பயிற்றாது. அவ்விரண்டையும் நாம்தான் செய்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. நாகசுரம் கற்பிக்கும் பள்ளிகள், கருவி செய்வோர் பட்டறையில் மாணவர் சில நாட்களேனும் தங்கிக் கற்க வழிசெய்யலாம். தன் குழல் எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிந்தவன் அதனை அறிந்தே வாசிப்பான். பழைய நல்ல குழல்களின் உட்கூம்பையும் துளைகளையும் அளந்து நூலாக்கும் பணியை இசைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மேற்கொள்ளலாம். கோயில்கள் தம் நிலங்களில் ஆச்சாவும் வாகையும் நடலாம். மரம் முற்ற ஒரு தலைமுறைக்கு மேலாகும். முற்றிய மரம் ஆறி அடங்க மேலும் காலம் வேண்டும். நடுபவன் அதன் ஓசையைக் கேட்கப் போவதில்லை. கோயில் கட்டியோரும் குளம் வெட்டியோரும் தம் வாழ்நாளை மட்டும் எண்ணியிருந்தால் நமக்கு எவையும் கிடைத்திரா.

இனி நேயர்கள் ஒரு திருமணத்திலோ கோயிலிலோ வானொலியிலோ நாகசுரம் கேட்கும்போது, தோடியின் சுத்த மத்தியமம் தங்குதடையின்றி வந்து நிற்கும் இடத்தை உற்றுக் கேட்பார்களாக. வாசிப்பவருக்குத் தலையசைத்துப் பாராட்டுவது முறை. அவர் விரலுக்குக் கீழே அத்துளையை அவ்விடத்தில் இட்டவருக்கும் அப்பாராட்டில் ஒரு பங்கு உரியது. அவர் நரசிங்கம்பேட்டையில் இருந்தார், மரங்கடைந்து பிழைத்தார், அவர் பெயர் ரங்கநாதன் ஆசாரி.